ஆறாத சூடு

திறந்தவெளியில் திருமண வரவேற்பு. மணமகள் மேடையிலிருந்து இறங்கி வந்து ஒரு பாட்டு போடச் சொல்லிவிட்டுப் போன சற்று நேரத்தில், டிஜேயின் லேப்டாப் சூடேறி அணைந்துவிட்டது. பாட்டு நின்றது.

மணமகளின் அப்பா ஓடி வந்தார். "என்னப்பா, சம்பந்தி முன்னாடி மானத்தை வாங்குற? என் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கும் உன்னைத்தானே சொல்லியிருந்தேன்!"

"லேப்டாப் மேல வெயில் படாம குடை கட்டி, ஸ்டாண்டுல தூக்கி வெச்சு, ஃபேனும் போட்டிருக்கேன் சார். என் பொண்டாட்டியைக்கூட இப்படிப் பார்த்துக்கிட்டதில்ல. ஆறினா ஓடிடும்."

அவர் முணுமுணுத்தபடி போனார். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்த டிஜே திகைத்தான். சூடான காற்று வெளியேறும் துளைகளை மூடி ஒரு கைக்குட்டை செருகப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய் மணமகளிடம் காட்டினான்.

"யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்கம்மா..."

மணமகள் சட்டென்று கைக்குட்டையை வாங்கி மறைத்தாள். "நான்தாண்ணா. சத்தத்தைக் குறைக்கச் சொன்னா அப்பா கேக்கல. காலையிலேருந்து பக்கத்துலயே நிக்கிறோம், இவர் பேசின ஒரு வார்த்தைகூட என் காதுல விழல."

மணமகன் வெட்கத்துடன் சிரித்தான்.

டிஜே திரும்பி வந்தபோது லேப்டாப் சில்லென்றிருந்தது.

"ஆறிடுச்சா?" என்று மறுபடி வந்து நின்றார் அப்பா.

டிஜே அதைத் தொட்டு, சுட்டுவிட்டதுபோல் விரலை உதறினான்.

"கொதிக்குது சார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."