செட்டியார் தொந்தியும் எண்பத்தேழில் ஒரு பங்கும்

இருபத்திரண்டு வருஷம் பரணில் தூங்கிய பொம்மை ரயில் இன்ஜின் கண் விழித்ததும் எதிரே ஒரு தொந்தியைப் பார்த்தது. கொலுப் பூங்காவில் கடை விரித்து உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மையின் தொந்தி அது.

"ஸ்டேஷன் கூரைக்கு மேலே உம்ம தலை தெரியுதே! இந்த ரயில் செட்டில் எல்லாமே அசலில் எண்பத்தேழில் ஒரு பங்குதானே இருக்கணும்?" என்று சீறியது இன்ஜின்.

"உட்கார்ந்திருக்கேன், அதனால இதோட போச்சு" என்றார் செட்டியார்.

இன்ஜினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில், இந்த ரயில் செட்டைக் கட்டிய ரகோத்தமன் எப்பேர்ப்பட்டவர்! ஒரு நூல் உயரம் கூடின பெஞ்சைக்கூடத் தூக்கி எறிவார். அளந்து அளந்தே காலம் போய், வண்டி ஒரு முழுச் சுற்றுகூட வந்ததில்லை. ரிட்டயர் ஆனதும் மனுஷன் இப்படியா கெட்டுப்போவார்?

கெட்டுப்போன மனுஷன் சுவிட்சைத் தட்டினார். இன்ஜின் முறைத்துக்கொண்டே கிளம்பி, முதல் வளைவிலேயே தடம் புரண்டு, செட்டியாரின் துவரம்பருப்புக் குவியலில் மூக்குக் குப்புற விழுந்தது. மேலேயிருந்து ரகோத்தமனின் கை வந்து, அதைத் தூக்கித் தண்டவாளத்தில் நிறுத்தியது.

சிதறிய பருப்பைப் பார்த்தபடி செட்டியார் நிதானமாகக் கேட்டார். "ஏன் தம்பி, இந்தக் கை எத்தனையில் ஒரு பங்கு?"

இன்ஜின் மறுபடி ஓட ஆரம்பித்தது. பத்தாவது சுற்றில், செட்டியார் கடையைத் தாண்டும்போது விசில் அடித்தது. நாற்பதாவது சுற்றில், ஸ்டேஷனைத்தான் கொஞ்சம் குட்டையாகக் கட்டிவிட்டார்கள் என்று அதற்குத் தோன்றியது.