பொன்னையன் பார்த்த படமும் ஸ்ரீகுமாரி பார்த்த படமும்

"பெண்டாட்டிய சந்தேகப்பட்டு, கொட்டுற மழையிலே வீட்டைவிட்டு இறக்கிவிட்டவனை மனுசன்னு சொல்லவா?" என்று கேட்டான் பொன்னையன்.

"தங்கமான மனுசனாக்கும். அப்படி ஒருத்தரு கிடைக்கதுக்கு தவம் இருக்கணும்" என்றாள் அவன் மனைவி ஸ்ரீகுமாரி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஸ்ரீகுமாரியின் அண்ணன் விஜயதாசுக்குத் தலை சுற்றியது. நேற்று தங்கச்சி துணிப்பெட்டியும் ஒக்கலில் பிள்ளையுமாக தனுவச்சபுரத்தில் தன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றபோது, அவள் புருசன், தன் அளியன், குடிக்கிறானா, வேறே எவளாவது உண்டா என்று இல்லாததையெல்லாம் நினைத்துக் கொதித்தவர் அவர். இன்று அளியனையும் அங்கே வரவழைத்துக் கேட்டுப் பார்த்தால், மழையில் இறக்கிவிட்டவன் பொன்னையனே இல்லை. நெய்யாற்றின்கரை தியேட்டரில் புதிதாக வந்திருக்கிற படத்தின் கதாநாயகன்.

குளத்தூர்க்காரர்களைக் கேட்டிருந்தால் விஜயதாஸ் இவ்வளவு பயந்திருக்க வேண்டாம். பொன்னையனுக்கு அங்கே தையல்கடை. புதுப்படம் எது வந்தாலும் புருசனும் பெண்டாட்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரே பஸ்ஸில் மேட்னிக்குப் போவார்கள், ஒரே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். மறுநாள் காலையில் அவன் தையல் மெஷினிலும் இவள் தண்ணீர்க் குழாயடியிலும் தீர்ப்புச் சொல்வார்கள்.

அதற்கப்புறம் ஊரில் ஒருத்தரும் மெனக்கெட்டுப் போய்ப் பார்ப்பதில்லை. படம் பார்க்கிறதைவிட படத்தைப் பற்றிச் சண்டை போடுகிறதில் அல்லவா ருசி அதிகம்!

ஓணத்துக்கு வந்த போலீஸ் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டர் சரியான பேடி, ரவுடி செவிட்டில் அறைந்தாலும் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு போகிறான், இவனெல்லாம் ஒரு கதாநாயகனா என்று காறித் துப்பினான் பொன்னையன். குழாயடியில் ஸ்ரீகுமாரி சொன்னதோ வேறே. நான் உட்கார்ந்ததிலிருந்து அந்த ஆள் அடித்துக்கொண்டே இருக்கிறார், ஜீப்பை விட்டாரா, வாழைத்தோப்பை விட்டாரா, கதை என்று மருந்துக்குக்கூட ஒன்றும் கிடையாது என்றாள்.

அடுத்தது களியக்காவிளையில் ஓடிய தமிழ்ப் படம். சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது என்றான் அவன். ஒரு குடும்பத்தை இப்படியுமா கொல்லுவார்கள், முந்தானை நனைந்துபோச்சு என்றாள் இவள்.

ஆண்கள் அவன் கட்சி, பெண்கள் இவள் கட்சி. பார்க்காத படத்துக்காகப் பேச்சு நின்றுபோன வீடுகள்கூட குளத்தூரில் உண்டு. எவனாவது சந்தேகம் கேட்டால் பொன்னையன் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்லா?" என்பான். கேட்டவனும் அவன் கட்சியிலேயே சேர்ந்துகொள்வான்.

இந்தப் படத்தில்தான் வினை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அன்பு என்றால் என்னவென்று தெரியாத ஜென்மம் என்று இவள் சொல்ல, அப்படியானால் மழையில் இறக்கிவிடுகிற ஒருத்தனைத் தேடிப் போ என்று அவன் சொல்ல, இவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தால் போதும் என்று விஜயதாஸ் கெஞ்சிப் பார்த்தார். சினிமாவுக்காக ஒரு குடும்பம் பிரிந்தது என்று நாலு பேர் கேட்டால் காறித் துப்பமாட்டார்களா என்றும் மிரட்டிப் பார்த்தார்.

"சினிமா கிடக்கட்டும், அண்ணா. அதுலே ஒரு சொட்டு மழை கிடையாது. அந்தக் கதாநாயகன் பெண்டாட்டி காலைப் பிடிச்சு கரைஞ்சு அழுததை நான் என் கண்ணாலே கண்டேன். என்னைப் பொய்க்காரியாக்குதாரே, அதாக்கும் தாங்கல்ல" என்றாள் ஸ்ரீகுமாரி. உண்மையாகவே நொந்துபோயிருந்தாள்.

பொன்னையனுக்கும் கண் கலங்கிவிட்டது. நானும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன், கட்டின பெண்டாட்டியே நம்பவில்லையென்றால் எவன் நம்புவான், இவளோடு இனி எப்படிப் பொழைப்பது என்று எழுந்து செருப்பைத் தேடினான்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தினமும் போகிற லோட்ஷெட்டிங்தான். வீடு இருண்டதும், அதுவரை சமர்த்தாக இருந்த பிள்ளை நீது வீலென்று ஒரு கத்தல் கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, எதிர்வீட்டிலிருந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

பொன்னையன் சண்டையை மறந்தான். பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்து நிலா வெளிச்சத்துக்கு ஓடினான். ஸ்ரீகுமாரியும் பின்னாலேயே ஓடினாள். வெளிச்சத்தைக் கண்டதும் பிள்ளை சட்டென்று அடங்கி, அப்பனின் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தது.

"இருட்டுன்னா இவளுக்கு ஆகவே ஆகாது, அண்ணா. நிறுத்தவே மாட்டா" என்றாள் ஸ்ரீகுமாரி, பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே. புருசனுடைய கைமேல் அவள் கை பட்டது. அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

விளக்கோடு வெளியே வந்த விஜயதாஸ் அப்படியே நின்றார்.

"இந்தப் பெகளம் வைக்கிற பிள்ளைய வச்சிக்கிட்டு, தியேட்டர் இருட்டுக்குள்ளே எப்படி அளியா முழுப் படமும் பாக்குதிய?"

பொன்னையன் பெண்டாட்டியைப் பார்த்தான். ஸ்ரீகுமாரி, இதென்ன கேள்வி என்பதுபோல அண்ணனைப் பார்த்தாள்.

"முழுப் படம் யாரு பாத்தா? இடவேளை வரைக்கும் இவரு, பெறவு நான்."