பத்திரிகையில் வந்த பெயர்

மகனுக்கு மாலை போட வந்தவர்களைப் பஞ்சலிங்கம் மாஸ்ரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதிரவேலு பட்டப்படிப்புக்கு முந்திய இலண்டன் இன்ரர் சோதனையில் தேறிவிட்டான் என்று கரவெட்டி ஊரே முற்றத்தில் கூடியிருக்க, அவர் மட்டும் களவில் பிடிபட்டவர் மாதிரிக் கதவோரம் ஒதுங்கி நின்றார்.

காரணம் ஊருக்குத் தெரியும். இருபது வருடமாகக் கணக்குப் படிப்பிக்கும் மாஸ்ரர் அதே இன்ரரில் மூன்று தரம் கோட்டை விட்டவர். மகன் முதல் தரத்திலேயே தாண்டிவிட்டால் வயிறு எரியாதா என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு முத்துக்குமாரு பத்திரிகையை விரித்துப் பிடித்து, தேறியோர் வரிசையில் 'பஞ்சலிங்கம் கதிரவேலு' என்று இருந்ததை வந்தவர்களுக்கெல்லாம் உரக்க வாசித்தார். தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால், எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! தகப்பன்வழிப் பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைத்தது வீண்போகவில்லை என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

சோதனை நடந்த கிழமை முழுக்க மாஸ்ரர் மகனுக்குத் துணையாகக் கொழும்பில் போய் நின்றதையும் அவர் மறக்காமல் சொன்னார். காலையில் மகனை மண்டப வாசலில் விடுவாராம். பின்னேரம் விரலில் மைக்கறையோடு வந்து கூட்டிப் போவாராம். நல்ல தகப்பன்தான், மனம்தான் கொஞ்சம் சின்னது என்பது முத்துக்குமாருவின் தீர்ப்பு.

விடிந்தால் மகனுக்குக் கொடிகாமத்தில் ரயில். கொழும்பு யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் இன்ரர் தேறாதவனைக் கணிதப் பட்ட வகுப்பின் படியிலும் ஏற்றமாட்டார்கள். சனம் கலைந்ததும் கதிரவேலு பெட்டி அடுக்குவதை விட்டுவிட்டுத் தகப்பனிடம் வந்தான்.

"ஐயா, கணிதத்தை மட்டும் எடுத்துச் சிறப்புப் பட்டம் செய்யவோ, பௌதிகத்தையும் சேர்த்துப் பொதுப் பட்டம் செய்யவோ? நீங்கள் சொல்லுறதைத்தான் எடுப்பன்."

மாஸ்ரர் மூன்று நாளுக்கு முன்பு தபால் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். முதல் மாலை விழுந்த பிறகு வாய் வரவில்லை. இப்போது தன்னை நினைக்கவே அவருக்குக் கூசியது.

மடியில் ஒளித்து வைத்திருந்த இரண்டு இலண்டன் கடிதங்களில் ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினார். அதில் கதிரவேலுவின் சோதனைச் சுட்டிலக்கம் இருந்தது. தேறவில்லை என்றும் இருந்தது. அவன் அதை இரண்டு தரம் வாசித்தான்.

"அப்ப பேப்பரிலை வந்தது ஆருடைய பேர், ஐயா?"

மாஸ்ரர் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"கதிரவேலு பஞ்சலிங்கம் எண்டதை வெள்ளைக்காரன் திருப்பிப் போட்டிட்டான், தம்பி. பக்கத்து மண்டபத்திலை எழுதி, பாஸ் பண்ணினது நான்."