மச்சான் கொடுத்த ரத்தம்

"மச்சான், எனக்குப் பதிலா நீ ரத்தம் குடுத்துடேன்!"

கடலூரில் அந்த லேப் மாடியில் இருந்தது. படியேறி, வாசலில் மூச்சு வாங்க நின்ற ஜெயப்பிரகாஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சைத் தடவிக்கொண்டு, பையிலிருந்த இஞ்சி மரப்பாவில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான்.

"என்ன மாமா சொல்றீங்க?"

அக்கா புருஷன் சபாபதி குரலைத் தாழ்த்தினார்.

"திருட்டுத்தனமா சிகரெட்டு பிடிக்கிறேன்டா. ரத்தம் காட்டிக் குடுத்துடும். ஒங்கக்காவுக்குத் தெரிஞ்சா சோறே போடமாட்டா. நீ ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்காத ஆளு. ஒன் ரத்தம் சுத்தமா இருக்கும்."

சுனாமிக்கு அடுத்த வருஷம் சபாபதிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த இடத்திலேயே மறுபடி அடைப்பு வரலாமாம். ரத்தத்தில் ஏதோ ஒரு அளவு ஏறினால் அதற்கு முன்கூட்டியே ஜாடை தெரியுமாம். சிதம்பரத்து டாக்டரம்மா வெண்மதி அதற்குத்தான் டெஸ்ட் எழுதியிருந்தார்.

ஜெயப்பிரகாஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் ரத்தத்தப் பாத்துட்டு ஒங்களுக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பிடுவாங்க. அப்பறம் அடச்சிக்கிட்டா? எங்கக்கா கதி என்ன மாமா?"

"ஒரே ஒரு தடவடா. மாமனுக்காக."

அக்கா புருஷன் கேட்டு இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. தலைதீபாவளிக்கு மோதிரம் கேட்டால் மோதிரம், இப்போது ரத்தம் கேட்டால் ரத்தம். தலையில் அடித்துக்கொண்டு கையை நீட்டினான்.

மறுநாள் சிதம்பரம் போகிற பஸ்ஸில் மாமா வாங்கி நீட்டிய முந்திரிப் பொட்டலத்தை அவன் தொடவே இல்லை. இப்படியும் ஒரு மனுஷனா என்று மனம் ஆறவே இல்லை. மாமா முறைத்துக்கொண்டாலும் சரி, உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததுமே எழுந்து நின்றான்.

"மேடம், அத நம்பாதீங்க. அது மாமா ரத்தமே இல்ல, என்னுது. இவுரு இன்னும் சிகரெட்டு பிடிக்கிறாரு!"

சபாபதி அசையவில்லை. டாக்டரம்மாவும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். உக்காருங்க ஜெயப்பிரகாஷ். உங்களுக்கு இந்த அளவு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. படி ஏறினா நெஞ்சப் பிடிக்குதாமே?"

"அது... வாயுங்க."

"இத மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மொதல்ல ஈசிஜி எடுத்துப் பாத்துடலாம்."

ஜெயப்பிரகாஷ் திரும்பி மாமாவைப் பார்த்தான்.

"என் ரத்தத்தப் போன வாரமே குடுத்துட்டேன்டா. நல்லா இருக்கு. சிகரெட்ட விட்டு வருசக்கணக்காச்சி," என்றார் சபாபதி. "ஒங்கக்கா எத்தினி தடவ கூப்பிட்டா ஆஸ்பத்திரிக்கி? ஒனக்குன்னா வரமாட்ட. எனக்குன்னா வருவ."

ஜெயப்பிரகாஷின் கை தன்னை அறியாமல் பையிலிருந்த இஞ்சி மரப்பாவைத் தேடியது. சபாபதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் மொதல்ல அது வாயுதான், மச்சான்."