கொஞ்சம் குறைச்சுப் போடுங்க

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போட முடியுமாம்மா?"

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவளிடம் வருகிறவர்கள் எல்லாரும் கூட்டிப் போடத்தான் கெஞ்சுவார்கள். குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான்.

மேசை மேல் ஸ்பானிஷில் எழுதிய கடிதம். ஏழாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு வயதான ஸ்பெயின் நாட்டு அம்மாள், குடியிருப்பின் வாட்ச்மேனைப் பற்றி அவருடைய நிறுவனத்துக்கு எழுதியது. தீப்பிடித்து லிஃப்ட் நின்றுபோன அன்று, அவர்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாராம். வரிக்கு வரி நன்றி. நடுவில் அவரை வர்ணிக்க ஒரே ஒரு சொல்: 'ஆஹில்'.

"ஆஹில்னா இங்கிலீஷ்ல அஜைல். நிம்பிள்னும் சொல்லலாம், ஆனா ஆளைத் தூக்கிட்டு வந்தவருக்கு அது கொஞ்சம் பூஞ்சையா இருக்கும். சொன்னபடி உடம்பு வளையும், சட்டுனு திரும்பும், தடுமாறாது. அதுதான் அஜைல்."

"வேணாம்மா. ஹெல்ப்ஃபுல்னு போட்டா போதும்."

"அதை அவங்க எழுதலையே."

"அஜைல்னு இருந்தா ஆபீஸ்ல சிரிப்பாங்க. கடிதமே பொய்னு தூக்கிப் போட்டுடுவாங்க. மாசக் கடைசியில அந்த வாட்ச்மேனை வேலைய விட்டு எடுக்கலாம்னு பேசிட்டிருக்காங்க. அவர் பக்கம் பேச இந்த ஒரு கடிதம்தான் இருக்கு."

இஸ்திரி கலையாத சட்டை, பையில் பேனா. நிறுவனத்து ஆபீசர் என்று அவர் வந்ததுமே அவள் முடிவு கட்டியிருந்தாள். இப்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் சார், ஒரு மனுஷனுக்குத் தானா வந்த நல்ல பேரு. அதுல கை வைக்க உங்களுக்கு எப்படி மனசு வருது? உள்ளதை உள்ளபடி எழுதுவேன்னு சத்தியம் பண்ணித்தான் இந்த முத்திரையை வாங்கியிருக்கேன்."

சொல்லிக்கொண்டே 'அஜைல்' என்று தட்டி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தாளை இரண்டு கையாலும் வாங்கி, அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றிம்மா. இந்த உதவியை மறக்க மாட்டேன்."

"எதுக்கு நன்றி? நீங்க கேட்டதை நான் செய்யவே இல்லையே."

அவர் குனிந்து வலது பக்கத்து பேன்ட்டைச் சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் கால்.

"அன்னிக்குப் புகையில அந்தம்மா இதைப் பாக்கலைம்மா" என்றார் வாட்ச்மேன்.