சர்வருக்கு முட்டு

இடுப்புதான் முதலில் வலித்தது. பிறகு முதுகு முழுக்க மரத்துப்போனது. காலையிலிருந்து மாசிலாமணி சர்வர் பெட்டியில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருக்கிறான். கரும்பாலையின் எடைமேடைக் கணக்கெல்லாம் அந்த லினக்ஸ் சர்வரில்தான் ஓடுகிறது. அது திடீர் திடீரென்று உறைந்துபோகிறது என்று முந்தின நாளே அவனை வரவழைத்திருந்தார்கள். மெமரியை மாற்றினான், கெர்னலை மாற்றினான், லாக் பதிவுகளைத் துழாவினான். ஒன்றும் சிக்கவில்லை. அலுத்துப்போய் ரீபூட் செய்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்தான். உறையாமல் ஓடியது. எழுந்தான், உறைந்துவிட்டது. அவன் இடத்தில் மணல்மூட்டையை வைத்துப் பார்த்தார்கள். பருத்த உடம்புக்கார மேனேஜரே சாய்ந்து பார்த்தார். அது மசியவில்லை.

வெளியே கரும்பு டிராக்டர்கள் ரோடுவரை நின்றன. வேலாயுதம் என்ற விவசாயி சர்வர் அறை வாசலில் குத்தவைத்துக் காவல் இருந்தார்.

"அசையாதீங்க தம்பி. இன்னும் காஞ்சா என் கரும்பு வெறும் விறகுதான்."

போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க? ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு. மாமன் மடியில்லாம புள்ளைக்குக் காது குத்த முடியுமா?"

"கொஞ்சம் பொறுக்கா. நான் எந்திரிச்சா சர்வர் நின்னுரும்."

"நீ அதுக்காடா தாய்மாமன்?"

வேலாயுதம் எட்டிப் போனை வாங்கினார்.

"ஆத்தா, பாப்பாவ இங்க தூக்கியாந்துருங்க. தம்பிக்கு முதுகுக்குத்தான் வேலை, மடி சும்மாதான் இருக்கு."

அக்கா போனை வைத்துவிட்டாள். நல்ல நேரமும் போய்விட்டது. டிராக்டர்கள் ஒவ்வொன்றாக எடைமேடை ஏறி இறங்கின. மாசிலாமணி முதுகை எடுக்காமல் கால்களை மட்டும் நீட்டிக்கொண்டான். அக்கா மகளுக்கு அவன் இன்னும் ஒரு மடி பாக்கி.