இளவரசி சொன்னது

"அடியே அட்டா, தலையைக் கொஞ்சம் நகர்த்து! உனக்கு இளவரசியோட செருப்பைப் பார்க்கணும். எனக்கு என் கோகோ தோட்டம் நிக்குதா, போகுதான்னு பார்க்கணும்."

அட்டா நகரவில்லை. "செருப்புல தங்கம் பதிச்சிருக்குடி போமா!"

"பதிக்காம என்ன? நம்ம ஆத்தங்கரையைத் தோண்டினா இன்னும் நூறு ஜோடிக்கு வரும்."

வாய்தான் கிண்டல் பேசியது; போமாவின் நினைப்பெல்லாம் ஆற்றங்கரையில்தான் இருந்தது. முப்பது வருஷம் பாடுபட்டு வளர்த்த தோட்டம். இப்போது ஆற்றங்கரை முழுக்கத் தோண்டித் தங்கம் எடுக்க வேண்டுமென்று ஒரு கம்பெனி வந்து நிற்கிறது. மேலூரில் இதே கம்பெனி தோண்டிய பிறகு ஆறு பால் ஊற்றிய டீயாக ஓடுகிறது, மீன் ஒன்றுகூட இல்லை. நிலம் அரண்மனையுடையது, முடிவும் அரண்மனையுடையது. ராஜமாதா படுத்த படுக்கையாகிவிட்டதால், முடிவு சொல்ல மகள் இளவரசி நானா செவா தலைநகர் அக்ராவிலிருந்து அரண்மனைச் சபைக்கு வந்திருந்தார்.

இளவரசிக்கு ஊர்மேல் அப்படியொரு பாசம். வருஷத்துக்கு மூன்று தரம் வருவார். திருவிழாவுக்கு ஒரு தரம், படம் எடுத்துக்கொள்ள ஒரு தரம், எடுத்த படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தரம். போன வருஷம் அவர் திறந்து வைத்த குழாயில் இன்னும் தண்ணீர் வந்தபாடில்லை. ரிப்பன் வெட்டிய படத்துக்கு மட்டும் லட்சம் லைக் வந்தது.

கம்பெனி மேனேஜர் எழுந்து ஆறு ஜின் பாட்டில்களை வரிசையாக வைத்தார். அரண்மனை அதை வாங்கிக்கொண்டால் பேரம் முடிந்தது என்று பொருள்.

"ரோடு போடுவோம், பள்ளிக்கூடம் கட்டுவோம், பிள்ளைங்களுக்குப் பந்து வாங்கித் தருவோம்" என்றார்.

"ஆறு என்னாகும்?" போமா கத்தினாள்.

"ஆறு எங்கேயும் போகாதும்மா. கொஞ்சம் தள்ளி வைப்போம், அவ்வளவுதான்."

"ஆமாமா, அது ஸ்டூல் பாரு, தள்ளி வைக்க!"

கூட்டம் சிரித்தது. பெரிய குடையின் நிழலில் உட்கார்ந்திருந்த இளவரசி கையை உயர்த்தினார். சபை அடங்கியது. சபையில் அரச குடும்பத்துப் பெண்ணின் குரல் ஊர்க் காதில் விழக்கூடாது, அது வழக்கம். அவர் காதோடு சொல்வார்; கோல் பிடித்து நிற்கும் டார்க்வா அதை மெருகேற்றி ஊருக்குச் சொல்வார். கோல்காரர் வாயிலிருந்து வந்துவிட்டால் அதுதான் அரண்மனை வாக்கு. பிறகு யாராலும் மாற்ற முடியாது.

இளவரசி டார்க்வாவின் காதில் ஏதோ சொன்னார். ஒரு நொடிகூட ஆகவில்லை. டார்க்வா கண்ணை மூடி நின்றார்.

"இளவரசி சொல்றாங்க!" டார்க்வாவின் குரல் கணீரென்றது. "இந்த ஆத்துத் தண்ணியிலதான் என்னைக் குளிப்பாட்டி ஊருக்குக் காட்டினாங்க. என்னைச் சுமந்தவளும் தாய், இந்த ஆறும் தாய். பெத்தவளை விலை பேசுற வழக்கம் எங்க வீட்ல இல்லை!"

போமா வாய்விட்டு அழுதாள். ஐந்து நிமிஷம் டார்க்வா விடாமல் பேசினார்.

"இத்துணூண்டுதானே காதுல சொன்னாங்க, அதுக்குள்ள இவ்வளவு விஷயமா!" என்று அட்டா வாயைப் பிளந்தாள்.

"படிச்சவங்கடி. சுருக்கமாத்தான் பேசுவாங்க."

இளவரசியின் முகம் சிவந்துவிட்டது. டார்க்வாவின் முழங்கையைப் பிடித்து இழுத்து மறுபடியும் காதில் ஏதோ சொன்னார்.

"கம்பெனிமேல என்ன கோபம் பாரு! எங்கம்மா, எங்க ராசாத்தி!" என்றாள் போமா.

"இந்தப் பாட்டில்களையும் எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க!" என்றார் டார்க்வா.

இளவரசி எழுந்தே விட்டார். பக்கத்திலிருந்த சித்தி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அதற்குள் ஊரே ஆடத் தொடங்கிவிட்டது. ஐம்பது போன்கள் உயர்ந்தன. போனைக் கண்டால் சிரித்துப் பழகிய இளவரசியின் முகம், பாவம், தானாகச் சிரித்தது. மேனேஜர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

போமா வீட்டுக்கு ஓடி, கொழுத்த சேவல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இளவரசியின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டிருந்தது. டார்க்வா மட்டும் ஓரமாக உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலு நகக்குறி ரத்தம் கட்டியிருந்தது.

"என்னண்ணே, கையில?"

"ஒண்ணுமில்லை. நாளையிலேருந்து இந்தக் கைக்குக் கோல் பாரமும் இருக்காது. சேவல் யாருக்கு?"

"இளவரசிக்குத்தான். கிளம்பிட்டாங்களே! சரி, அவங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லுண்ணே. என் பிள்ளைங்க தலைமுறைக்கும் அதைச் சொல்லணும்."

டார்க்வா நாலு பக்கமும் பார்த்தார். சேவலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"'சரின்னு சொல்லித் தொலை, வெயில் தாங்கலை'ன்னாங்க. மெருகேத்துறதுதானே என் வேலை? கொஞ்சம் அதிகமாயிடுச்சு."